நமக்குள்ளே கிரியைசெய்கிற வல்லமை: எபேசியர் 3:20-ஐ எப்படி வாசிப்பது, எப்படி ஜெபிப்பது?

மதுரை செல்லூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இது: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அவருக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எபேசியர் 3:20 இருந்தது. எட்டு மாதம் ஆகிவிட்டது. கணவர் தறிக்காக வாங்கிய கடன் குறையவில்லை, மாமியாருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஜெபக்குழுவில் ஒருவர், "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் வல்லமை வெளிப்படவில்லை. மாமியாருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்" என்றாராம். "தேவனுடைய அளவில்லாத வல்லமை உண்மையிலேயே எனக்குள் இருக்கிறதா? இருந்தால் ஏன் எதுவும் மாறவில்லை? நான் என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, முதலில் மாத்திரை. அதை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் காத்திருக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி வசனம். "நாம் வேண்டிக்கொள்ளுகிறதற்கும் நினைக்கிறதற்கும் மிகவும் அதிகமாய் நமக்குள்ளே கிரியைசெய்கிற வல்லமையின்படியே, நமக்குச் செய்ய வல்லவராகிய அவருக்கு" என்று அட்டையில் இருக்கும். வாக்கியம் இன்னும் முடியவில்லை, பாருங்கள். "அவருக்கு" என்று அந்தரத்தில் நிற்கிறது. 21-ம் வசனத்தில் "தலைமுறை தலைமுறைக்கும் சதாகாலங்களிலும் மகிமை உண்டாவதாக. ஆமென்" என்று வந்த பிறகுதான் முடிகிறது. அட்டையில் இடம் போதாமல் 20-ஐ மட்டும் அச்சிடும்போது, தேவனுக்குச் செலுத்திய துதி நமக்கு எழுதிக்கொடுத்த பத்திரம்போலத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

பவுல் 14-ம் வசனத்தில் முழங்கால்படியிடுகிறார், 21-ல்தான் ஆமென் சொல்லி எழுந்திருக்கிறார். இடையில் அவர் கேட்பவை நான்கு. ஆவியினாலே உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவேண்டும். விசுவாசத்தினாலே கிறிஸ்து இருதயங்களில் வாசமாயிருக்கவேண்டும். அவருடைய அன்பின் அகலமும் நீளமும் ஆழமும் உயரமும் இன்னதென்று சகல பரிசுத்தவான்களோடுங்கூட உணரவேண்டும். தேவனுடைய சகல பரிபூரணத்தாலும் நிறையப்படவேண்டும். "வேண்டிக்கொள்ளுகிறதற்கும் மிகவும் அதிகமாய்" என்பது முதலில் இந்த நான்கு வேண்டுதலுக்கும் அதிகமாய் என்றே பொருள்படும்.

இப்படி வேண்டிக்கொள்கிற பவுல் காவலில் இருப்பவர். 3:1-லும் 4:1-லும் தன்னைக் கட்டுண்டவன் என்கிறார், 6:20-ல் சங்கிலியையே சொல்கிறார். ஆனாலும் 6:19-ல் தனக்காக ஜெபிக்கச் சொல்லும்போது, சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேச வாக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறார். இதனால் விடுதலையும் சுகமும் பணமும் கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில், உங்கள் விண்ணப்பங்களினால் உங்களிடம் வந்து சேருவேன் என்று நம்புகிறேன் என்கிறார். கடன் தீரவும் சர்க்கரை இறங்கவும் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து, உங்களுக்குள் வல்லமை இருக்கிறதா இல்லையா என்று அளக்க வேண்டாம் என்பதே என் பேச்சு.

தமிழில் வாசிக்கிற நமக்கு இங்கே ஒரு கூடுதல் வெளிச்சம் உண்டு. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலுக்கு அடித்தளம் 1871-ல் ஹென்றி பவர் முன்னின்று முடித்த மொழிபெயர்ப்பு. தமிழாக்கியவர்கள் ஒவ்வொரு இடத்திலும் எது என்று தீர்மானித்தே ஆகவேண்டியிருந்தது. 2 கொரிந்தியர் 4:7-ல் "இந்த மகத்துவமுள்ள வல்லமை எங்களால் உண்டாயிராமல்" என்று போட்டார்கள். அது அப்போஸ்தலரும் உடன் ஊழியரும். எபேசியர் 3:20-ல் "நமக்குள்ளே" என்று போட்டார்கள். எழுதினவரும், எபேசுவில் கேட்டவர்களும், செல்லூரில் வாசிக்கிற நீங்களும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறீர்கள். ஆகவே "எனக்குள் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு நேரான பதில், இருக்கிறது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பங்குபிரித்துத் தந்த வல்லமையாக அது சொல்லப்படவில்லை. ஒருவரோடு ஒருவர் சேர்ந்திருக்கிற நமக்குள்ளே கிரியைசெய்கிறது. அடுத்த வசனத்தில் "சபையிலே" என்று வருவதும் அதனால்தான்.

"கிரியைசெய்கிற" என்பதும் நிகழ்காலம். செய்த என்றில்லை, செய்யப்போகிற என்றுமில்லை. மூலத்திலும் அப்படியே. "வல்லமை இறங்கவேண்டும்" என்று நாம் ஜெபிக்கும்போது, இன்னும் வராத ஒன்றுக்குக் காத்திருக்கிறவர்களைப்போலப் பேசுகிறோம். பவுல், ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்துத் துதிக்கிறார்.

எபேசு எப்படிப்பட்ட ஊர் என்பதை அப்போஸ்தலர் 19-ல் பாருங்கள். மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தபோது அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒருநாள் கூலி. மந்திரம் சரியாக இருந்தால் சக்தி வந்தே தீரும் என்று நம்பிய ஊர் அது. ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் நாமத்தையும் ஒரு மந்திரமாக எடுத்து உபயோகித்தார்கள். காயப்பட்டு நிர்வாணராய் ஓடியதுதான் மிச்சம். அந்த ஊர் ஜனங்களுக்கு எழுதும்போதுதான் பவுல் 1:19-ல் வல்லமைக்கான நான்கு கிரேக்கச் சொற்களை அடுக்குகிறார்: துனாமிஸ், எனெர்கெயா, கிராத்தோஸ், இஸ்கூஸ். அந்த வல்லமைக்கு அவர் காட்டும் சாட்சி ஒன்றே ஒன்று. கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பியது. கல்லறைக்குள் இருக்கிறவர் தன்னை எழுப்பும்படி எந்தச் சூத்திரத்தையும் சொல்ல முடியாது. சரியான வார்த்தையை, சரியான சத்தத்தில், சரியான தடவை சொன்னால் வல்லமை வரும் என்று யார் சொன்னாலும், அது எபேசுவில் எரிக்கப்பட்ட புஸ்தகத்தைத் திரும்ப அச்சடிக்கிற வேலை.

துனாமிஸ் என்றால் டைனமைட், வெடித்துத் தகர்க்கிற வல்லமை என்று மேடைகளில் சொல்வதுண்டு. டைனமைட்டுக்கு நோபெல் பேர் வைத்தது 1867-ல். பவுல் மனதில் வெடிமருந்து இருந்திருக்க முடியாது. இந்த ஜெபத்தில் அவர் சொல்கிற உவமையே "வேரூன்றி" என்பதுதான். வேர் சத்தமில்லாமல் இறங்கும்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் இன்னும் எளிது. பெரியாறு மேற்கே ஓடுகிற ஆறு. 1895-ல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அதன் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து, பேரணையில் கால்வாயில் பிரிந்து, மேலூர்ப் பக்கம் போகிறது. கடைமடை விவசாயி தண்ணீரை உண்டாக்குவதில்லை. அவர் கையில் இருப்பது மண்வெட்டிதான். வாய்க்காலில் தூர் வாருவார், கோரையைப் பிடுங்குவார், மடைவாயில் அடைத்த குப்பையை எடுப்பார். அதைச் செய்யாமல், தண்ணீர் வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்து சத்தம் போட்டால் பயிர் காயும். தூர் வாரினதால் தண்ணீரை நான்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னாலும் ஊர் ஒத்துக்கொள்ளாது. பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்து வாசித்தால் இதுதான் வருகிறது. பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன். கொலோசெயர் 1:29-ல் பவுலும் "எனக்குள்ளே வல்லமையாய்க் கிரியை நடப்பிக்கிற அவருடைய பலத்தின்படி போராடிப் பிரயாசப்படுகிறேன்" என்கிறார். பலம் அவருடையது, வேர்வை பவுலுடையது. இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. வைகை அணைக்கு 71 அடி என்று கணக்கு இருக்கிறது, கோடையில் வற்றும். தேவனிடத்தில் அப்படி மட்டம் பார்க்கிற அளவுகோல் கிடையாது.

அப்படியானால் அந்த வல்லமை வேலைசெய்கிறதென்பதை எதில் பார்ப்பது? கொலோசெயர் 1:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவருடைய மகிமையான வல்லமையின்படி எல்லா வல்லமையாலும்" பலப்படுத்தப்படவேண்டும் என்று தொடங்கினால், அற்புதம் ஏதோ வரப்போகிறது என்றுதான் எதிர்பார்ப்போம். அங்கே வருவது "சந்தோஷத்தோடே கூடிய எல்லாப் பொறுமையும் நீடிய சாந்தமும்." இதைப் படித்து ஏமாற்றமடைகிறவர்கள், பொறுமை எவ்வளவு பாரமானது என்று தூக்கிப் பார்த்ததில்லை.

வீட்டிலேயே பாருங்கள். படுக்கையை உதறும்போது மாமியாரின் தலையணைக்கடியில் ஓர் அல்வாப் பொட்டலம். எண்ணெய் ஊறிய காகிதம், பாதி தின்று மடித்து வைத்தது. மூன்று நாளாகக் காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று அப்போதுதான் புரிகிறது. உங்களுக்கு முகம் சூடாகிறது. நாக்கில் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படியான வார்த்தை. அது வெளியே வருவதற்குமுன் ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளியில் "கர்த்தாவே, பலப்படுத்தும்" என்று இரண்டே சொல். பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இனிப்பு ரொம்ப ஆசையா இருக்கா? டாக்டர்கிட்ட எவ்வளவு சாப்பிடலாம்னு கேட்போமா?" என்று சொல்ல முடிந்தால், எபேசியர் 4:29 அந்தக் கட்டிலில் நிறைவேறிவிட்டது. நான் இதை உயிர்த்தெழுதலின் வல்லமை என்றே சொல்வேன். பத்து வருஷமாகக் கத்திப் பழகிய வாய் தானாக அப்படித் திரும்பாது.

இனி நடைமுறை. எபேசியருக்கு எழுதின நிருபம் 6 அதிகாரம், 155 வசனம். சத்தமாக வாசித்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாரத்தில் ஒருநாள் முழுவதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். முதல் மூன்று அதிகாரத்தில், 2-ம் அதிகாரத்தின் "நினைத்துக்கொள்ளுங்கள்" தவிர, செய்யுங்கள் என்ற கட்டளையே இல்லை. எல்லாம் தேவன் செய்தது. கட்டளைகள் 4-ம் அதிகாரத்திலிருந்துதான் மழையாகக் கொட்டுகின்றன. 3:20 அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மடை. இதை மாற்றி, 4 முதல் 6 வரை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். 1 முதல் 3 வரையே நிற்கிறவர்கள் பாடுகிறார்கள், வீட்டில் ஒன்றும் மாறுவதில்லை.

மற்ற நாட்களில் காலையில் 15 நிமிடம் போதும். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்காரலாம். 3:14 முதல் 21 வரை மெதுவாகச் சத்தமாக வாசியுங்கள், இரண்டு நிமிடம் ஆகும். பிறகு "நீங்கள்" என்ற இடத்தில் ஒரு பேரைப் போட்டு அதே நான்கு வேண்டுதலையும் கேளுங்கள். இன்று கணவர், நாளை மாமியார், மறுநாள் அந்த ஜெபக்குழுச் சகோதரி. ஒரு நாளைக்கு ஒரு பேர் மட்டும். பத்துப் பேரை அடுக்கினால் பட்டியல் வாசிப்பதாக ஆகிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் கடனையும் சர்க்கரையையும் தொகை சொல்லி, எண் சொல்லிக் கேளுங்கள். தேவனிடம் பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டியதில்லை. முடிக்கும்போது 4-ம் அதிகாரத்திலிருந்து அன்றைக்கு ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். 4:25 மெய்யைப் பேசுவது, 4:26 கோபத்தைப் பொழுதுசாயுமுன் முடிப்பது, 4:32 மன்னிப்பது. ராத்திரி படுக்குமுன் ஒரு 40 பக்க நோட்டில் மூன்று பத்தி: என்ன கேட்டேன், என்ன நடந்தது, எனக்குள் என்ன நடக்கிறது. மூன்றாவது பத்திதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுவார்கள்.

பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் இது நின்றுபோகும். காரணம், முதல் நாட்களில் இருந்த உருக்கமும் கண்ணீரும் இருக்காது. வல்லமை போய்விட்டது என்று தோன்றும். உணர்ச்சி வரும், போகும். வேர் இறங்கும் நாட்களில் மேலே இலை தெரியாது. அந்த வாரத்தில் நேரத்தை 15-லிருந்து 7 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம். இன்னொரு தடுமாற்றம், தனியாகச் செய்வது. "சகல பரிசுத்தவான்களோடுங்கூட" என்று 18-ம் வசனம் சொல்கிறதல்லவா, வாரம் ஒருமுறை நம்பிக்கையான ஒரு சகோதரியிடம் அந்த நோட்டின் மூன்றாவது பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

கடன் விஷயத்தில் வல்லமை பெரும்பாலும் வெளிச்சமாகத்தான் முதலில் வரும். கணவரும் நீங்களும் ஒருநாள் உட்கார்ந்து, யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி, எதை அடகு வைத்தது என்று ஒன்று விடாமல் ஒரே தாளில் எழுதுங்கள். ஒருவருக்கொருவர் மறைத்த தொகை அதில் வெளிவரும், அதுவே 4:25. 5 வட்டி என்றால் 1,00,000 ரூபாய்க்கு மாதம் 5,000, வருஷம் 60,000. நூற்றுக்கு அறுபது. அசல் அப்படியே நிற்கும். ஜெபித்துக்கொண்டே இந்தக் கணக்கைப் பார்க்க மறுத்தால், மடையில் குப்பையை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கிற கதைதான். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடனாக வைத்து, வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். மிரட்டல் இருந்தால் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸிலும் கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். இந்த நேரத்தில் யாராவது "விதைக் காணிக்கை போடு, நூறு மடங்காக வரும்" என்றால், கையைக் கட்டிக்கொண்டு அப்போஸ்தலர் 8:20-ஐ நினையுங்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே சம்பாதித்துக்கொள்ளலாம் என்று எண்ணிய சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அங்கே இருக்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை.

இப்போது மாத்திரை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. "பார்த்தாயா, சுகம்" என்று தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறி, தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத கால்புண் என்று பிறகுதான் காட்டும். இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் நோயாளி நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு மோசம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். காசநோய் மாத்திரையை 6 மாதம் முடியுமுன் விட்டால், அடுத்தமுறை மருந்து கேட்காத கிருமியாக வரலாம். மன அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. அந்தப் பாரம் உள்ளவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் பேசலாம்.

தேவன் சுகமாக்குகிறார் என்பதை நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். யாக்கோபு 5:14-ன்படி மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். சுகமானால் பரிசோதனையில் தெரியும், டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். குஷ்டரோகிகள் பத்துப்பேரிடமும் இயேசு, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றுதானே சொன்னார்? சோதித்துப் பார்க்கிறவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது. வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள், 3 மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எடுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு அலைய முடியாவிட்டால், 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். மதுரையில் சபை கட்டிய மிஷனெரிகள் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். கீழவெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் நிற்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஊர் இது.

"விசுவாசம் போதவில்லை" என்று சொன்ன சகோதரிக்கு மூன்று பேரைக் காட்டலாம். துரோப்பீமுவைப் பவுல் மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக்கொடுத்தார். தன் முள்ளுக்காகத் தானே மூன்றுதரம் வேண்டி, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதிலைப் பெற்றார். இவர்களில் யாருக்கு விசுவாசம் போதவில்லை? அந்தச் சகோதரியோடு வாதாட வேண்டாம். ஆனால் மாமியார் காதில் அந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வியாதியோடு குற்றவுணர்வையும் சுமக்க அவருக்கு வயதில்லை.

அந்த அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், 16 முதல் 19 வரையுள்ள நான்கு வசனத்தையும் பொடி எழுத்தில் உங்கள் கையால் எழுதுங்கள், அடியில் 21-ஐயும் சேர்த்து. பிறகு எழுதின பக்கம் வெளியே தெரியும்படி, மாமியாரின் மாத்திரை டப்பா இருக்கிற அலமாரியிலேயே சாய்த்து வையுங்கள். காலையில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும்போது ஒரு வசனம், ராத்திரி கொடுக்கும்போது ஒரு வசனம், அவருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.